பசி எடுக்காத காட்டேரிகள்

2025 ஆகஸ்ட் கடைசியில் மலையாளத்தில் 'லோகா: சந்திரா' வந்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு இந்தியில் 'தம்மா'. முதல் படத்தில் கேரள நாட்டார் கதைகளின் யட்சியான கள்ளியங்காட்டு நீலி பெங்களூரில் குடியேறி, எதிர்வீட்டுப் பையன்களோடு பழகுகிறாள். இரண்டாவதில் சாதாரணப் பத்திரிகையாளன் ஒருவன் வேதாளமாகிவிடுகிறான். ஆங்கில நாவல்களில் இந்த மோஸ்தர் ஏற்கெனவே முற்றிப் பழுத்தது: யாரும் மதிக்காத ஒருவர், பெரிய நகரம், ரத்தம் குடிக்க வேண்டிய சாபம், கடைசியில் ஊரைக் காப்பாற்றும் வீரம். தமிழில் மாயப் புனைவு எழுதும் இளைஞர்கள் சிலரும் இப்போது இந்த வழியில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் ஒரு நியாயம் சொல்கிறார்கள். டிராகுலா கோட்டையில் வாழ்ந்த பிரபு. நம் காட்டேரியும் நீலியும் வஞ்சிக்கப்பட்டுச் செத்தவர்கள். அவர்களைக் கதாநாயகர்களாக்குவது நம் நாட்டார் மரபுக்குச் செய்யும் மரியாதை. இந்த நியாயம் தவறு என்பது என் உறுதியான கருத்து.

இவ்வகைக் கதைகளின் பலத்தை மறுக்கவில்லை. கோவிலுக்குள் நுழையவிடாத குடியில் பிறந்த சிறுமி, குகையில் வௌவால் கடித்துச் சக்தி பெற்று, தன் மக்களைக் கொன்றவர்களை எதிர்த்து நிற்கும் 'லோகா'வின் கடந்தகாலப் பகுதி மனத்தைத் தொடுகிறது. யட்சியை மோகினியாகவே காட்டிச் சலித்த திரையில் அது புதுக்காற்று. கோழை ஒருவனைப் பேய்க்கதையின் நடுவில் நிறுத்தினால் பயமும் சிரிப்பும் ஒருசேர வரும் என்பதை 2011இலேயே 'காஞ்சனா' நமக்குக் காட்டிவிட்டது.

ஆனால் இந்த நாயகர்களுக்குப் பசியே எடுப்பதில்லை.

ரத்தம் குடிக்கும் ஒருவரை நடுவில் வைத்துக் கதை சொன்னால், முதலில் எழும் கேள்வி 'யாருடைய ரத்தம்?' என்பதுதான். இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க எழுத்தாளர்கள் விதவிதமான வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2001இல் சார்லேன் ஹாரிஸ் தன் நாவலில் செயற்கை ரத்தத்தைக் கொண்டுவந்தார். 2005இல் வந்த 'ட்வைலைட்' நாவலின் கல்லன் குடும்பம் காட்டு விலங்குகளை மட்டும் வேட்டையாடி, தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்கிறது. 'தம்மா'வின் வேதாளங்கள் மனித ரத்தத்தையே விட்டுவிட்டவை. மனிதரைக் கடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இருக்கவே இருக்கிறது உறுப்புத் திருட்டுக் கும்பல். அவர்கள் செத்தால் அழ ஆளில்லை. இப்படி ஒவ்வொரு வழியாக அடைத்த பிறகு மிஞ்சுவது என்ன? கோரைப்பல் முளைத்த ஒரு போலீஸ் அதிகாரி. இதற்கு எதற்குக் காட்டேரி?

எல்லா மேல்நாட்டு எழுத்தும் இப்படித் தப்பித்து ஓடியதில்லை. 1976இல் ஆன் ரைஸ் எழுதிய நாவலில் லூயி குற்ற உணர்ச்சியில் வேகும் காட்டேரி; இன்றைய பரிதாப நாயகர்களுக்கெல்லாம் மூத்தவன். அவன் விலங்குகளின் ரத்தத்தில் காலம் தள்ளப் பார்க்கிறான். ஆனாலும் கொள்ளைநோய் புகுந்த வீட்டில், செத்துக் கிடக்கும் தாயின் பக்கத்தில் அழும் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துவிடுகிறான். அந்தச் சிறுமி கிளாடியா காட்டேரியாகி, நாவலின் பெரும்பகுதியில் அவன் கூடவே வருகிறாள், வளராத உடம்போடு, கணக்குக் கேட்டபடி. லூயியின் சோகத்தை எடுத்துக்கொண்டவர்கள் கிளாடியாவைக் கைவிட்டுவிட்டார்கள்.

நம் மரபுக்கு வருவோம். பேய்க்கு மரியாதை தர இந்த மண் 2025 வரை காத்திருக்கவில்லை. நாகப்பட்டினத்துக்கு வடக்கே, அரைமணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது காரைக்கால். பேயுருவை விரும்பிக் கேட்டு வாங்கிய அம்மையாருக்கு அங்கே ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா. எங்கள் காவிரி டெல்டாவின் தீபங்குடிக்காரர் என்று சொல்லப்படும் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில், எந்த நாவலிலும் பார்க்க முடியாத பரிதாபப் பேய்கள் இருக்கின்றன. கையில்லாத பேய், முடப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கூன் விழுந்த பேய். எல்லாம் பசியில் வற்றிக் காய்ந்து, காளியின் முன் நின்று முறையிடுகின்றன. தோற்றவர்களின் கூட்டம் என்றால் அதுதான். கலிங்கப் போர் முடிந்ததும் அவற்றுக்கு விருந்து கிடைக்கிறது. களத்தில் ரத்தத்தில் குளித்து, பிணங்களைக் கொண்டே கூழ் அட்டு, வரிசையாக உட்கார்ந்து வயிறு நிறையக் குடிக்கின்றன. சோழ மன்னன் குலோத்துங்கனைப் புகழ வந்த நூல்தான் அது. அப்படியிருந்தும் அந்தக் கூழ் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. பேயின் வயிறு நிறைய வேண்டுமானால் கலிங்கத்துக்காரன் சாக வேண்டும். பேய்க்காக இரங்கும் அதே நேரத்தில் பானைக்குள்ளும் எட்டிப் பார்க்க வைக்கிறது கவிதை.

நீலி கதையும் அப்படித்தான். மலையாள நீலியைச் சொல்லவில்லை. திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி. முற்பிறவியில் அவளைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் புருஷன்' என்று ஊர்ச்சபையில் நிற்கிறாள். அவன் உயிருக்கு எழுபது வேளாளர்கள் பிணை கொடுக்கிறார்கள். அன்றிரவே அவனைக் கொன்றுவிடுகிறாள். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலியின் கோபம் நியாயமானது, கதையும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் எழுபது பேரை அது மறக்கவில்லை. அவளுக்கு எதிராக ஒரு தப்பும் செய்யாத எழுபது பேர்! அவர்களை நீக்கிவிட்டால் நீலி இன்னும் நல்லவளாகத் தெரிவாள். கதை பாதியாகிவிடும்.

எங்கள் பக்கம் காட்டேரிக்குப் படையல் போடுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. இருட்டிய பிறகு, கொல்லைக் கடைசியிலோ வாய்க்கால் கரையிலோ இலை போடுவார்கள். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, சாராயம், அறுத்த கருப்புக் கோழி. பிள்ளைத்தாச்சிகளை அந்தத் திசைக்கே விடமாட்டார்கள். மிச்சமானதை அங்கேயே முடித்துவிட்டுக் கை கால் கழுவித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அப்படி ஒரு படையலில் கோழியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் காட்டேரி கெட்டவளா என்று கேட்டேன். "அவளும் பிள்ள பெறாம செத்தவதான், பாவம். அதுக்காவ ஊட்டுக்குள்ள கூப்புட்டு உக்கார வக்க முடியுமா?" என்றார். இரக்கமும் தூரமும் அந்த ஒரே வாயிலிருந்து வந்தன. இன்றைய எழுத்தாளர் இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாட்டியின் எச்சரிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்.

இந்தக் கோளாறு பேய்க்கதையோடு நிற்பதில்லை. எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாக்கி இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அந்த நாவலின் நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைவால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர். அவர் வெறிக்கு அங்கேதான் வேர் காட்டப்படுகிறது. நிலமும் கூலியும் சாதியும் செய்த கொலையை ஒரு தனிமனிதனின் ரகசியக் காயத்துக்குள் போட்டு அடைத்துவிட்டதாக இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் இன்றும் செல்லும் என்பேன். நாவலாசிரியர் நிலக்கிழாரை நாயகனாக்கவில்லை, உண்மைதான். ஆனால் ரத்தம் குடித்தவனின் மனக்காயத்தைத் தோண்டத் தோண்ட, ரத்தம் கொடுத்தவர்கள் பக்கங்களின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். காட்டேரி நாயகர்களின் கதைகளிலும் இதே விபத்துதான் நடக்கிறது.

கீழ்வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. டெல்டாக் கூலிக்காரர்கள் 'ரத்தம் உறிஞ்சுறான்' என்று சொன்னது எந்தப் பேயையும் அல்ல, பண்ணையாரையும் வட்டிக்காரனையும்தான். இப்படிப்பட்ட ஊரிலிருந்து எழுத வருகிறவர், ரத்தம் குடிப்பதை நாயகனின் தோளில் ஓர் அலங்காரமாகத் தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியாது. பொழுதுபோக்குக் கதைக்கு இவ்வளவு கனமா என்று கேட்பார்கள். பரணியைவிடப் பெரிய பொழுதுபோக்கு எது?

'லோகா'வின் அடுத்த பாகங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. தமிழிலும் இப்படிப்பட்ட நாவல்கள் இனி வரிசை கட்டி வரும். எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஓர் அத்தியாயம். பாவப்பட்ட உங்கள் நாயகன் முதன்முதலில் பசி தாங்காமல் யாரைக் கடித்தான்? இரவுப் பணி முடித்து வந்த நர்சையா, விடியற்காலையில் வந்த பால்காரரையா? அந்த ஆளுக்கு ஒரு பெயர் வையுங்கள், வீடு கொடுங்கள், சோறு பொங்கிக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கொடுங்கள். பிறகு உங்கள் நாயகனை அந்த வீட்டு வாசலுக்கு அனுப்புங்கள். அவன் பூர்வகதை முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த வீட்டார் அவனை மன்னிக்க மறுக்கட்டும்.