எல்ஸ் கிளைக்குள் யார் எழுதிய கோட்?

"எல்லாக் கருவும் முதலில் பெண்ணாகத்தான் இருக்கிறது, அப்புறம்தான் சில ஆணாகின்றன." மகளிர் தினம் வந்தால் இந்த வாக்கியம் வாட்ஸப்பில் தவறாமல் வந்துவிடும். ஆண்களுக்கு ஏன் முலைக்காம்பு இருக்கிறது என்ற கேள்வியையும் ஆதாரமாகச் சேர்த்திருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாள் வந்த கதையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட திருப்தி கிடைக்கிறது.

எனக்கு இந்த வாக்கியத்தோடு ஒரு சண்டை இருக்கிறது. அறிவியல் என்ற பெயரில் வருகிறது, ஆனால் கதையாக வேலை செய்கிறது. கதை என்றால் வினைச்சொல் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று பார்க்கணும். இதில் ஆண் 'ஆகிறான்'. ஒரு மரபணு 'முடுக்கிவிடுகிறது', ஒரு ஹார்மோன் 'செதுக்குகிறது'. பெண்? எதுவும் நடக்காததால் மிஞ்சியவள். புகழ்ச்சி மாதிரித் தெரிகிற வாக்கியம், பெண்ணுடலை ஒன்றும் நடக்காத இடம் என்று சொல்லிவிட்டுப் போகிறது. (முலைக்காம்பு விஷயம் எளிது. அதற்கான அடித்தளம் விந்தகம் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும் முன்பே இரு பாலுக்கும் பொதுவாக விழுந்துவிடுகிறது. பொது என்றால் பெண் என்று அர்த்தமில்லை.)

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு உடலியலாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1947-ல் வெளியிட்ட முயல் சோதனைகளிலிருந்து. தாய் முயலின் வயிற்றில் இருக்கும்போதே கருவுக்கு அறுவை சிகிச்சை செய்து, விந்தகமோ சினைப்பையோ ஆகப்போகிற சுரப்பியை எடுத்துவிட்டு, கருவைத் தொடர்ந்து வளரவிட்டார். குரோமோசோம் எதுவாக இருந்தாலும், சுரப்பி இல்லாத எல்லாக் கருவுக்கும் பெண்ணுக்குரிய உள்குழாய்களும் வெளியுறுப்புகளும் வந்தன. விந்தகத்தின் ஹார்மோன்கள் இல்லாவிட்டால் உடலின் அந்தப் பாகங்கள் பெண் வழியில் போகும் என்பது அவர் கண்டது. அருமையான சோதனை. அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அவர் எடுத்து எறிந்தது சுரப்பியை. அந்தச் சுரப்பி தானே எப்படி விந்தகமாகவோ சினைப்பையாகவோ மாறுகிறது என்ற கேள்விக்கு இந்தச் சோதனை பதில் சொல்லவே இல்லை. சொல்லவும் முடியாது. இங்கேதான் வார்த்தை வழுக்கியது. 'சுரப்பி இல்லாவிட்டால் பெண் உடல்' என்பது மெதுவாக 'ஒய் இல்லாவிட்டால் பெண்' ஆகி, கடைசியில் 'பெண் என்பதே டீஃபால்ட்' என்று பாடப்புத்தகத்தில் போய் உட்கார்ந்தது.

கதைக்கு நாயகன் 1990-ல் கிடைத்தான். ஆண்ட்ரூ சின்க்ளேர், பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோர் இருந்த லண்டன் குழுக்கள் ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவைக் கண்டுபிடித்தன. வெறும் 204 அமினோ அமிலம் உள்ள சின்னப் புரதத்துக்கான மரபணு. அடுத்த வருடமே அதன் எலி வடிவத்தைக் கொண்ட சுமார் 14,000 எழுத்து டி.என்.ஏ. துண்டை எக்ஸ்எக்ஸ் எலிக் கருவில் செலுத்தினார்கள். விந்தகத்தோடு ஓர் எலி பிறந்தது. ஆண் என்பதற்கு ஒரு ஸ்விட்ச், போட்டால் ஆண், போடாவிட்டால் பெண். கதை முடிந்தது போலிருந்தது. அந்தத் துண்டைப் பெற்ற எல்லா எக்ஸ்எக்ஸ் எலியும் ஆணாகவில்லை, ஆணானதற்கும் விந்தணு இல்லை என்ற விவரங்கள் கதைக்குள் சேரவில்லை.

நான் சாஃப்ட்வேர் ஆள். டீஃபால்ட் எங்கள் தொழிலில் தினமும் புழங்குகிற சொல். ஒரு ஃபார்மில் நாடு என்ற கட்டத்தில் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 'இந்தியா' என்று வரும். உங்களுக்கு அது தானாக வந்தது. எங்களுக்கு அப்படியில்லை. யாரோ உட்கார்ந்து அந்த வரியை எழுதியிருக்கிறார்கள், டெஸ்ட் பண்ணியிருக்கிறார்கள், ஏன் இந்தியா என்று மீட்டிங்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். இஃப்-எல்ஸ் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: எல்ஸ் கிளைக்குள் கோட் இல்லையென்றால் அங்கே எதுவும் நடக்காது. ஒரு பெண் கரு, கர்ப்பத்தின் பாதிக் காலத்துக்குள் பல லட்சம் முட்டைச் செல்களை உருவாக்கி முடித்திருக்கும். இதுவா 'ஒன்றும் நடக்காதது'?

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. எஸ்.ஆர்.ஒய். வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1986-ல், ஈவா ஐக்கர், லிண்டா வாஷ்பர்ன் என்ற இரு மரபியலாளர்கள் இதையே எழுதினார்கள். விந்தகம் எப்படி மரபணுக்களின் வேலையோ, சினைப்பையும் அப்படித்தான். ஆனால் அதைத் தானாக நடப்பதாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்ட இடத்தில் யார் போய்த் தேடுவார்கள்? ஒரு சொல் செய்யக்கூடிய பெரிய சேதம் இதுதான் என்று நினைக்கிறேன். பொய் சொல்வதைவிட, கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வது.

தேடியபோது கிடைத்தது. 1999-ல் டபிள்யூஎன்டி4 என்ற மரபணுவை நீக்கிய எக்ஸ்எக்ஸ் எலிகளைப் பார்த்தார்கள். சினைப்பை டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கத் தொடங்கியிருந்தது, கருப்பையாக வேண்டிய குழாய் உருவாகவே இல்லை. 2006-ல் இத்தாலியக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே சகோதரர்கள் சிலருக்கு எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்கள், எஸ்.ஆர்.ஒய். கிடையாது, ஆனாலும் விந்தகத்தோடு ஆண்கள். காரணம் ஆர்ஸ்போ1 என்ற மரபணு பழுதானது. டீஃபால்ட் கதைப்படி ஸ்விட்ச் போடாவிட்டால் பெண். இங்கே ஸ்விட்சே இல்லை, ஆனாலும் ஆண். எல்ஸ் கிளைக்குள் ஓடிய கோட் நின்றுபோனதால் வந்த விளைவு.

இதைவிட என்னை உலுக்கியது 2009-ல் வந்த சோதனை. வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை அணைத்தார்கள். முட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறத் தொடங்கின. கருவில் அல்ல, வளர்ந்த உடலில். 2011-ல் மறுபக்கமும் தெரிந்தது: விந்தகத்தில் டிஎம்ஆர்டி1 என்பதை எடுத்தால் அங்குள்ள செல்கள் சினைப்பைச் செல்களின் பக்கம் சாய்கின்றன. அதாவது, முடிவு ஒரு முறை எடுத்துப் பூட்டப்படுவதில்லை. இரண்டு பக்கமும் வாழ்நாள் முழுக்க மெயின்டெனன்ஸ் நடக்கிறது.

2017-ல் ஜோஸ்ட்டின் சொந்த நிலத்திலேயே கேள்வி வந்தது. பெண் கருவில் ஆணுக்குரிய குழாய், டெஸ்டோஸ்டிரோன் கிடைக்காமல் தானாக மடிகிறது என்றுதான் நம்பியிருந்தோம். பெண் எலிக் கருவில் கூப்-டிஎஃப்2 என்ற புரதத்தை நீக்கியபோது அந்தக் குழாய் மறையாமல் தங்கிவிட்டது. மறைவதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

ஸ்விட்ச் என்ற உருவகத்துக்கும் இதே கதிதான். எஸ்.ஆர்.ஒய். எலியில் ஓரிரு நாள்தான் விழித்திருக்கும். சில மணி நேரம் தாமதமானாலே விந்தகம் சரியாக வராது. அதன் முக்கிய வேலை சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை எழுப்புவது. 2018-ல், சாக்ஸ்9-லிருந்து ஐந்து லட்சம் எழுத்துகளுக்கும் அப்பால் இருக்கிற 557 எழுத்துத் துண்டு ஒன்றை நீக்கினார்கள். எஸ்.ஆர்.ஒய். அப்படியே இருந்தது, எக்ஸ்ஒய் எலிகள் சினைப்பையோடு பெண்ணாகப் பிறந்தன. ஜப்பானின் அமாமி தீவில் இருக்கும் முள்ளெலியிடம் ஒய் குரோமோசோமே கிடையாது, எஸ்.ஆர்.ஒய்.யும் கிடையாது. ஆண் எலிகள் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, அப்ப ஆண் பெண் என்று இரண்டே இல்லையா? அப்படிச் சொன்னால் நானும் ஒரு கதைக்குப் பதில் இன்னொரு கதையை விற்பவன் ஆவேன். மிகப் பெரும்பாலான கருக்கள் இரண்டில் ஒரு வழியில் தெளிவாகப் போகின்றன. ஒவ்வொரு வழியும் தன்னைக் கட்டுவதோடு மற்றதை அடக்கவும் செய்வதால்தான் அவ்வளவு தெளிவு. இரண்டு என்பது உழைத்துப் பெற்ற முடிவு. அந்த உழைப்பில் எங்காவது ஒரு கண்ணி வேறு மாதிரி இருந்தால், உடலும் வேறு மாதிரி வரும். இதற்கு நாயகன் தேவையில்லை, நாயகியும் தேவையில்லை.

இது வார்த்தையைப் பற்றிய வம்பு மட்டும் என்றால் இங்கே நிறுத்தியிருப்பேன். கதைகள் விதிகளாகிவிடுகின்றன. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டின்யோ 1985-ல் ஜப்பானின் கோபேயில் குரோமோசோம் சோதனையில் தோற்றார். அவருக்கு எக்ஸ்ஒய், ஆனால் உடலின் செல்களால் டெஸ்டோஸ்டிரோனை உணரவே முடியாது. அந்த உணர்வுக்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில் என்பது கதைக்குள் வராத இன்னொரு விவரம். பட்டங்கள், உதவித்தொகை எல்லாம் போய், 1988-ல்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு எஸ்.ஆர்.ஒய். இருந்தது; எட்டுப் பேரையும் விளையாட விட்டார்கள். 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி சோதனையையே கைவிட்டது.

2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, சர்வதேசப் பெண்கள் பிரிவுக்கு எஸ்.ஆர்.ஒய். சோதனையைக் கட்டாயமாக்கியது. பாட்டின்யோவைப் போன்றவர்களுக்கு அந்த விதியே விதிவிலக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. போட்டியில் நியாயம் பற்றிய கேள்வி நிஜமானது. அது உடல் எப்படி வளர்ந்தது, எதை உணர்ந்தது என்ற கேள்வி. அதை ஒரு மரபணு இருக்கா இல்லையா என்று சுருக்குவது, 1990-ன் கதையை 2025-ல் சட்டமாக்குவது. அதைக் கண்டுபிடித்த சின்க்ளேரே இந்தச் சோதனை தவறான வழி என்று பகிரங்கமாக எழுதினார். எஸ்.ஆர்.ஒய். இருப்பது அது இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். விந்தகம் வந்ததா, ஹார்மோன் சுரந்ததா, உடல் அதை ஏற்றதா என்று சொல்லாது.

அடுத்த மார்ச் 8-க்கு அந்த வாக்கியம் வரும்போது மாற்றி எழுதிப் பார்க்கலாம். ஆறு வார மனிதக் கரு பெண்ணுமில்லை, ஆணுமில்லை. இரண்டு ஜோடிக் குழாய்களையும், எந்தப் பக்கமும் போகக்கூடிய ஒரு சுரப்பியையும் வைத்துக்கொண்டு இருக்கிறது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் போனாலும் வேலை இருக்கிறது. ஃபார்வர்ட் பண்ண அவ்வளவு கவர்ச்சியாக இல்லைதான். ஆனால் யாரையும் மிச்சம் என்று சொல்லவில்லை.