சர்க்கரையில் ஒரு தாலி

மகாராஷ்டிரத்தில் கல்யாணமான பெண்ணுக்கு முதல் மகர சங்கராந்தி வந்தால், கறுப்புச் சேலை உடுத்தி, சர்க்கரையால் செய்த நகைகளைப் பூட்டி மணையில் உட்காரவைக்கிறார்கள். தாலி, வளையல், வங்கி, ஒட்டியாணம், மூக்குத்தி எல்லாமே சர்க்கரை. மராத்தியில் 'ஹல்வ்யாச்சே தாகினே', அதாவது ஹல்வா நகைகள். நெய் சொட்டும் திருநெல்வேலிச் சரக்கு அல்ல இந்த ஹல்வா. எள்ளின் மேல் சர்க்கரை முள்முள்ளாகப் பூத்து நிற்கும் வெள்ளை மணி. ('அல்வா கொடுப்பது' என்ற நம் ஊர்ப் பேச்சை நினைத்துச் சிரிப்பவர்களை நான் தடுக்கப்போவதில்லை.)

இன்று இவை கடையில் பெட்டியாகவே கிடைக்கின்றன. ஆனாலும் வீட்டில் செய்து கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு. அகலத் தட்டில் எள்ளைப் பரப்பி, மிக மெல்லிய தீயில் வைத்து, சர்க்கரைப் பாகை ஒரு சிறு கரண்டி விட்டு, விரல் நுனியால் இடைவிடாமல் உருட்டவேண்டும். காய்ந்ததும் அடுத்த கரண்டி. தீ கூடினால் மணி பழுப்பேறும். கை நின்றால் எள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முள் நன்றாக எழும்ப இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அதன்பின் மணிகளை நூலில் கட்டி நகையாக்கும் வேலை. சமையல் குறிப்புகள் இதை 'பொறுமை வேண்டும்' என்று இரண்டு சொல்லில் கடந்துவிடும். சுடும் தட்டில் நாள்கணக்காகப் புழங்கும் விரல்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இந்த நகைகளை அடிமைச் சின்னம் என்று ஒரே வரியில் தள்ளும் விமர்சனத்தில் எனக்கு உடன்பாடில்லை. கோலத்தைப் போல இதுவும் அழியப்போவது தெரிந்தே பெண்கள் செய்யும் கலை. செய்பவளின் கைத்திறனும், கொடுப்பவளின் அன்பும் பொய்யல்ல. ஆனால் கலை என்று ஒப்புக்கொண்டால் அது என்ன சொல்கிறது என்றும் கேட்டாகவேண்டும். தங்க நகை பெண்ணுக்கு ஆபத்துக் காலத்தில் அடகு வைக்கவாவது உதவும். சர்க்கரை நகையில் அந்தப் பயன் போய்விடுகிறது, சுமங்கலி என்ற அடையாளம் மட்டும் மிஞ்சுகிறது. மாப்பிள்ளைக்கும் சர்க்கரையில் உண்டு: மாலை, தேங்காய், கைக்கடிகாரம். அவனுக்குக் கடிகாரம், அவளுக்குத் தாலி. விளையாட்டுப் பண்டத்தில்கூட இந்தப் பங்கீடு மாறவில்லை.

அன்று எள்ளுருண்டையைக் கையில் வைத்து எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிக்க இனிக்கப் பேசு என்பது அதன் பொருள். ஆணும் பெண்ணும் சொல்கிறார்கள். பழைய மனஸ்தாபங்களைத் தீர்க்க நல்ல வழிதான். நம் 'இனியவை கூறல்' அதிகாரமும் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது! ஆனால் புகுந்த வீட்டில் முதல் வருஷம் கழிக்கும் பெண்ணின் காதில் இது எப்படி விழும்? பரிசோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே அவள் கைக்கு வருகிறது.

சங்கராந்தியிலிருந்து ரத சப்தமி வரை மஞ்சள் குங்குமம் கொடுக்கப் பெண்கள் ஒருவரையொருவர் அழைப்பார்கள். வழக்கப்படி விதவைக்கு அந்த அழைப்பு இல்லை. தட்டில் எள்ளை உருட்டிய கை அவளுடையதாக இருந்தாலும் கூடத்தில் அவளுக்கு இடமில்லை. 2022 மே மாதம் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்ததும் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது போன்ற சடங்குகளை நிறுத்தத் தீர்மானம் போட்டது. அதே மாதம் மாநில அரசு மற்றப் பஞ்சாயத்துகளையும் அதைப் பின்பற்றச் சொன்னது. தீர்மானம் வளையலைக் காப்பாற்றும். கூடத்துக்கு அழைப்பதோ பக்கத்து வீட்டுக்காரியின் கையில்தான் இருக்கிறது.

இனிக்கப் பேச மறுத்த மராத்திப் பெண் ஒருத்தியும் இருந்தாள். சூரத்தில் விஜயலட்சுமி என்ற விதவை, குழந்தையைக் கொன்றாள் என்று தண்டிக்கப்பட்டபோது, பத்திரிகைகள் பெண்களின் ஒழுக்கத்தைக் கிழித்தன. அதற்குப் பதிலாக தாராபாய் ஷிண்டே 1882இல் 'ஸ்த்ரீ புருஷ் துலனா'வை எழுதினார். விதவையை அந்த நிலைக்குத் தள்ளிய ஆண்கள் எங்கே என்று கேட்ட, கோபமும் நையாண்டியும் நிறைந்த சிறு நூல். ஜோதிராவ் புலே அதை ஆதரித்தார். மற்றபடி வசைதான் வந்தது. தாராபாய் அதன்பின் வேறு நூல் எதுவும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. அந்தப் புத்தகம் மறுபடி அச்சேறியது 1975இல்.