கிடையில் படுத்திருப்பது யார்?

இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் ஆட்டுக்கிடைக்கு இப்போது நல்ல மரியாதை. ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். தப்பில்லை. அறுவடை முடிந்த தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) மந்தையை ஓட்டிவந்து, ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, ஆடுகளை வயலிலேயே அடைத்துக் கிடை மடக்குகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகின்றன, வண்டிச் செலவு மிச்சம். அந்தக் கிடைக்குக் காவலாக வரப்பில் படுத்திருப்பவன் சில இடங்களில் 14, 15 வயதுப் பையன். அவனைப் பற்றித்தான் மேடையில் பேச்சே எழுவதில்லை.

அவன் கற்றுக்கொள்வது கொஞ்சமல்ல. மேய்ச்சலில் ஆடு குட்டி போட்டால் மூக்கில் ஒட்டிய சவ்வை வழித்துவிட்டு, தாய் நக்கும்படி குட்டியை அதன் முகத்தருகே போட வேண்டும். நக்காமல் விட்ட தாய் பிறகு குட்டியை மடியில் சேர்க்காமல் போகலாம். சீம்பால் குடித்ததா என்று பார்த்துக் குட்டியைத் தோளில் போட்டுக்கொள்வதற்குள் மற்ற ஆடுகள் உளுந்துக் கொல்லையில் வாய் வைத்துவிடக் கூடாது. மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லில் பசியோடு மந்தையை விட்டால் துள்ளுமாரி நோய் தாக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளையை நம்பி இவ்வளவு பொறுப்பை எந்தப் பள்ளிக்கூடமும் கொடுப்பதில்லை. சொந்த மந்தையில் அப்பன் பக்கத்தில் நின்று பழகுகிறவனுக்கு இதெல்லாம் சொத்து. அவன் பேருக்கு விட்ட பெட்டைக்குட்டி பெருகினால் நாளைக்குத் தனி மந்தை.

வீட்டார் முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் மந்தையில் விட்ட பையனுக்கும் அதே வேலைதான், அதே கைத்திறன்தான். ஆனால் ஒரு குட்டிகூட அவனுடையதில்லை. காணாமல்போன ஆட்டின் விலை மட்டும் அவன் கணக்கில் ஏறும். காய்ச்சல் வந்தாலும் பாம்பு கடித்தாலும் கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. வீட்டில் வாங்கிய கடன் எவ்வளவு, எத்தனை வருஷத்தில் தீரும் என்பதை அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) கொங்குநாட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களைப் பற்றிய நாவல். அவர்களுடைய கும்மாளத்தையும் காட்டுகிறது, அடிமைத்தனத்தையும் காட்டுகிறது. மேய்ச்சல் வாழ்க்கையை ‘இயற்கைப் பள்ளி’ என்று புகழ்கிறவர்கள் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

சட்டத்தின் பார்வையும் கோணல்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழே இருப்பவரை வேலைக்கு வைக்கக் கூடாது. அதற்கு மேல் 18 வரை அபாயகரமான தொழிலுக்கு மட்டுமே தடை. அபாயம் என்றதும் சுரங்கமும் வெடிமருந்தும் நினைவுக்கு வருகின்றன, இருட்டு வயல் வருவதில்லை. அதனால் அதிகாரிகள் பையனின் வயதுச் சான்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேட வேண்டியது முன்பணத்தை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு வயது வரம்பு கிடையாது. கடனுக்காக உழைப்பைப் பிணை வைத்திருந்தாலே போதும்.

கிடை முறையையே ஒழிக்கச் சொல்வது மடத்தனம். மண்ணுக்கும் கீதாரிக்கும் அது வேண்டும். வயலில் கிடை போடச் சொல்கிற விவசாயி விலை பேசும்போதே, காவலுக்குப் பெரியவர் யார், பையனின் கூலி யார் கைக்குப் போகிறது என்று இரண்டு கேள்வி கேட்கலாம். ஒழுங்கான பதில் வராத கிடையை வயலில் இறக்காதீர்கள்.