மசியாத பலாப்பிஞ்சு

இறைச்சி இல்லாவிட்டால் சோறு இறங்காத கணவருக்கு, கருவாடும் மாசியும் சேர்க்காமல் சமைத்துப் போடுவது லேசான வேலையல்ல. ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் அதற்கு நல்ல வழி இருக்கிறது: பலாப்பிஞ்சுக் கறி. சிங்கள அயலவர் இதைப் பொலொஸ் என்பார்கள்.

கையிலும் கத்தியிலும் முதலில் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் பலாப்பால் விரலை விடாது. முள்தோலைச் சீவி, துண்டுகளை உடனே மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பிறகு மண்சட்டி. வறுத்த மிளகாய்த்தூள், மல்லி, கறுவாப்பட்டை, ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கொறுக்காய்ப்புளி. இரண்டாம் தேங்காய்ப்பாலில் மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம் வேகவிட்டு, கடைசியில்தான் தலைப்பால். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும். பொறுத்தால், துண்டு செங்கபில நிறமாகி, கரையாமல் நார்நாராகப் பிரியும். பல்லில் படும் அந்த நார்தான் இறைச்சிப் பிரியரை மடக்குகிறது. பருப்புக்கும் சோயாவுக்கும் இந்த வித்தை வராது.

இந்தப் பிஞ்சு தரும் பலாமரம் இலங்கையில் இத்தனை பெருகியது தானாக அல்ல. 1915 கலவரக் காலத்தில் சிறை சென்ற பாணந்துறை ஆர்தர் வி. டயஸ், நாடெங்கும் பலா நடும் இயக்கம் நடத்தி ‘கொஸ் மாமா’ (பலா மாமா) எனப் பெயர் பெற்றார். இன்றும் அனுமதியின்றிப் பலாமரம் வெட்ட முடியாது.

மறுநாள் இந்தக் கறி இன்னும் ருசி. காலையில் சுடச்சுடத் தேங்காய் ரொட்டியோடு வைத்தால், குறை சொல்லும் கணவரும் இரண்டாவது ரொட்டி கேட்பார்.