நான்கு பாம்புகளோடு முடிந்துவிட்டதா?

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவனிடம் நச்சுப் பாம்புகள் எவை என்று கேளுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று ஒப்பிப்பான். நம் அறிவியல் நூல்களும் சுவரொட்டிகளும் கற்றுத்தந்த பட்டியல் இது. சமவெளிக்கு இது ஓரளவு போதும். ஆனால் இந்தியாவுக்கே இவ்வளவுதான் என்னும் தோரணையில் எழுதுகிறார்களே, அதுதான் குறை. அதே மாணவன் நாளை வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திற்கு வேலைக்குப் போகலாம் அல்லவா?

அங்கே சருகுகளுக்கிடையே கிடப்பது கூன்மூக்குக் குழிவிரியன். பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கும். பழுப்பு நிறம், மேல்நோக்கி வளைந்த மூக்கு நுனி. கண்ணுக்கும் நாசிக்கும் இடையே ஒரு குழி உண்டு. குழியினுள் மெல்லிய சவ்வு. எலியின் உடற்சூட்டை இருளிலும் அது உணர்ந்துவிடும். இவ்வளவு சுவையான செய்தியைப் பாடநூல் விட்டுவிடுவது ஏனோ!

கேரளத்தில் இப்பாம்பு கடித்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2007-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இரத்தம் உறையாமை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அதில் பதிவாயின. சுருட்டைவிரியன் என்று இதைத் தவறாகக் கொள்வதும் உண்டு என்று தெரிந்தது. நம் நச்சுமுறி மருந்தோ அந்த நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டே தயாராவது. குழிவிரியன் நஞ்சை அது முறிப்பதில்லை. அதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனையும், வேண்டுமானால் சிறுநீரகத்துக்கு டயாலிசிஸும் அங்கேதான் கிடைக்கும்.

ஆக, நான்கு என்பது மருந்துப் புட்டியின் கணக்கு. இயற்கை வரலாறு என்று தலைப்பிட்டு அதை அச்சிடுவது முறையன்று.

பெயரிலும் குழப்பம். இலங்கைத் தமிழர் இப்பாம்பைக் கோப்பி விரியன் என்பர்; காப்பித் தோட்டத்தையே நினைவூட்டும் நல்ல பெயர். 'கூன்மூக்கு' என்பது ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்தது. மூங்கில் குழிவிரியனும் பச்சை, கண்குத்திப் பாம்பும் பச்சை. இரண்டையும் 'பச்சைப் பாம்பு' என்றே எழுதுவோர் உண்டு. பின்னதன் தலை ஊசிபோல் நீண்டிருக்கும். முன்னதன் தலை முக்கோணம், கழுத்து ஒல்லி. இரண்டு படங்களை அருகருகே அச்சிட அரைப்பக்கம் போதுமே.