நிழற்படமும் ஊர்வரலாறும்

ஊர்வரலாறு எழுதப் புகும் மாணவர்க்குப் பழைய நிழற்படங்கள் இன்று பெருஞ்சான்றாகத் தோன்றுகின்றன. வாய்மொழி திரியலாம், ஏடு சிதையலாம், படம் ஒன்றே உள்ளதை உள்ளவாறு காட்டும் என்பது அன்னோர் கொள்கை. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களைப் பற்றி யான் மதிப்பிட நேர்ந்த கட்டுரைகள் பலவற்றிலும் இக்கொள்கையே ஆட்சி செலுத்தக் கண்டேன். இஃது எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

நமக்கு அணித்தாகிய பெருநகர் மதுரை. கும்பினியாட்சியில் உருமாறிய அந்நகரை 1858-ஆம் ஆண்டில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் படமெடுத்தார். இவர் 1856-இல் சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றவர். திருமலை நாயக்கர் அரண்மனை, புதுமண்டபம், தெப்பக்குளம் முதலியன இவர்தம் படங்களில் இடம்பெற்றன. அவற்றின் அழகும் நுட்பமும் ஐயத்திற்கு இடமில்லாதன. ஆயினும், ஓர் ஏட்டுச்சுவடியை எவ்வாறு ஆராய்வோமோ அவ்வாறே இவற்றையும் ஆராய்தல் கடனாகும்.

முதலாவது, இடைச்செருகல். அக்காலக் காகித நெகடிவில் வானம் செவ்வனே பதிவதில்லை. ஆகவே, டிரைப் சிலவற்றில் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அம்மேகம் மதுரை வானில் தோன்றியதன்று, படத்தின்மேல் ஏறியதாகும்.

இரண்டாவது, சிதைவு. ஒளி பதிய நெடுநேரம் ஆகுமாதலின், அசையாது நின்ற கல்லும் தூணும் தெளிவுறப் பதிந்தன; நடந்து சென்ற மக்கள் பதியாது மறைந்தனர். தெரு வெறுமையாய்க் காணப்படுவது கொண்டு ஊர் வெறுமையாய் இருந்தது என்று முடிபு கூறல், செல்லரித்த ஏட்டைக் கண்டு புலவன் அவ்வளவே பாடினான் என்பது போலாம்.

மூன்றாவது, தலைப்பு. 1847-இல் எழுப்பப்பெற்ற தூண் ஒன்றை டிரைப் படமெடுத்தார். படத்தலைப்பு அதனைக் கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுச்சின்னம் எனக் குறிக்கும். மதுரை மக்களோ அதனை விளக்குத்தூண் என்றே வழங்கினர். இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். பாட்டிற்குப் பின்னோர் வகுத்த துறைக்குறிப்பைப் பாட்டின் உறுப்பெனக் கொள்ளாத நாம், படத்தலைப்பை மட்டும் ஐயுறாது ஏற்பது என்னை?

பிளாக்பர்ன் காலத்தில்தான் மதுரைக் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. பின்னர் வந்த படக்கருவி, இருந்த மதிலை எங்ஙனம் காட்டும்? அப்பணியில் ஈடுபட்டோர் பெயரால் அமைந்த மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகின்றன. படம் கூறாததை ஊர்வழக்குக் கூறுகின்றது.

இனிக் கரிசலுக்கு வருவோம். திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனச் சென்ற டிரைப்பின் பயணத்தில் நம் கரிசல் இடம்பெறவில்லை. கோபுரமும் அரண்மனையும் தேடிய கண்ணுக்குப் பருத்திக்காடும் கம்பங்கொல்லையும் பொருளாகத் தோன்றாமையில் வியப்பில்லை. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை வந்தது 1876-இல். கோவில்பட்டிப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை தோன்றியது 1901-இல். அவற்றிற்கு முன் இந்நிலத்தில் காடு திருத்திக் குடியேறினோர் வரலாற்றை எங்கே காண்பது? இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) அதற்கு ஒரு வாயில். தெலுங்கு நாட்டினின்று வந்த குடியினர் காட்டை எரித்து ஊர் அமைத்த செய்தியை, முதியவள் ஒருத்தியின் நினைவு வாயிலாக அந்நாவல் விரித்துரைக்கின்றது.

நாவல் புனைவன்றோ எனின், ஆம். அதனை நேர்ச்சான்றாகக் கொள்ளலும் பிழையே. வாய்மொழியிலும் இடைச்செருகல் உண்டு. தன் குலத்தைப் போற்றி, முன்னரே அந்நிலத்தில் இருந்தோரை மறக்கும் சிதைவும் உண்டு. எனவே படத்திற்கு ஓர் அளவுகோலும் கதைக்கு மற்றோர் அளவுகோலும் கொள்ளுதல் முறையன்று என்பதே என் கருத்து.

மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. படம் கிடைத்ததும் அதனை யார், யாருக்காக, எப்போது எடுத்தனர் என வினவுக. பின்னர் அதனை அவ்வூர் முதியோரிடம் காட்டி அவர் கூறும் பெயர்களையும் எழுதிக்கொள்க. அரசினர் தலைப்பும் ஊரார் பெயரும் வேறுபடும் இடத்திலேதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது. படம் தாளில் நெடுநாள் இருக்கும். பெயர் அறிந்த முதியோர் இரார். ஆதலின் இப்பணி நாளைக்கென ஒத்திவைக்கத் தக்கதன்று.