யார் கேள்விக்கு யார் பணம்?

கோவை சரவணம்பட்டிப் பக்கம் சத்தி ரோட்டில் பொறியியல் கல்லூரிகளும் ஐ.டி. வளாகங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தொழில்துறைப் பணம் கல்லூரி ஆய்வகத்துக்குள் வருமா என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கணக்கை இங்கிருந்தே எடைபோடலாம்.

2023ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அமைப்பை உருவாக்கியபோது ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் மத்திய அரசு தருவது 14,000 கோடி. மிச்சம் பொதுத்துறை, தனியார் நிறுவனங்கள், கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வர வேண்டும். அதாவது நூற்றுக்கு 72 ரூபாய். 2020-21இல் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அந்தச் செலவில் தனியார் தொழில்துறையின் பங்கு ஏறத்தாழ 36 விழுக்காடு. உயர்கல்வித் துறையின் பங்கு 9 விழுக்காட்டைத் தொடவில்லை. சொந்தத் தேவைக்கே அளந்து செலவிடும் தொழில்துறையினர் அடுத்தவர் கேள்விக்கு அள்ளிக் கொடுப்பார்கள் என்பது ஆசை. அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

கோவைக்காரர்கள் கொடுப்பார்களே என்று கேட்கலாம். கொடுத்திருக்கிறார்கள். 1956இல் நூற்பாலைகளும் அரசும் சேர்ந்து 'சிட்ரா' என்ற ஜவுளி ஆராய்ச்சி அமைப்பை நிறுவின. எந்த மில்லில் ஓர் ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி, எங்கே கழிவு அதிகம் என்று ஒப்பிட்டு அது வகுத்த அளவுகோல்கள் எல்லா மில்லுக்கும் பயன்பட்டன. பிரச்சினை பொது, பலன் கண்ணெதிரே, அரசும் பங்காளி. இந்த மூன்றும் கூடியதால் பணம் வந்தது.

ஆனால் அதே ஊரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தைப் பாருங்கள். பயிர்க் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது; அதன் பயன் பெரிதும் வட இந்திய உழவர்களுக்கு. எந்தக் கோவை முதலாளி அதற்குக் காசு போட்டிருப்பார்? அரசுப் பணம் இல்லையென்றால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இரண்டாவது குறை, பணம் போய்ச் சேரும் இடம். வலுவான நிறுவனத்தோடு வளரும் பல்கலைக்கழகங்களை இணைக்கும் அறக்கட்டளையின் 'பேர்' திட்டம் நல்ல யோசனை. அதன் முதல் கட்டத்தில் வளரும் நிறுவனங்களாகச் சேர மத்திய, மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் சில என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி.களுக்கும்தான் இடம். சத்தி ரோட்டின் சுயநிதிக் கல்லூரிகள் வெளியே நிற்கின்றன. கட்டணம் வசூலிக்கும் கல்லூரிக்கு வரிப்பணமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு வழி செலவுக் கணக்கை ஊரறிய வெளியிட வைப்பது; கதவைச் சாத்துவது அல்ல. பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில்தானே.

மத்திய அரசு 2025இல் ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியும் இந்தக் குறையைத் தீர்க்காது. ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கு நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் போகிற பணம் அது. முதல் சோதனைக்குக் கருவி வாங்க முடியாத ஆசிரியரை அது எட்டாது.

ஆக, அமைப்பு தேவையானது. அதன் நிதிக் கணக்கு தவறானது. அடிப்படை ஆய்வின் செலவை அரசே முழுதாக ஏற்க வேண்டும். தனியார் பங்கைப் பம்ப், நூற்பு போன்ற தொழில் தொகுப்புகளின் பொதுப் பிரச்சினைகளுக்கு மட்டும், அரசின் இணைப் பங்கோடு கேட்க வேண்டும். 36,000 கோடியை வரவில் எழுதிவிட்டு நன்கொடைக்குக் காத்திருந்தால் நட்டம் கம்பெனிகளுக்கு இல்லை, ஆய்வு மாணவர்களுக்குத்தான்.